ஊர் பேர் இல்லாத எண்கள்: நீட் வேதியியலில் 62-லிருந்து 121

2025 நீட் ரிசல்ட் ஜூன் 14 அன்று வந்தது. இதை எழுதும்போது கலந்தாய்வு இன்னும் தொடங்கவில்லை. இடம் கிடைக்குமா என்பது கடவுளுக்கும் கட்ஆஃபுக்கும்தான் வெளிச்சம். ஆனால் வேதியியலில் 2024-ல் நான் வாங்கியது 62, 2025-ல் 121. அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன். இயற்பியலைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். தேர்வு நாளான மே 4 அன்று அந்தத் தாளைத் திறந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேதான், தமிழ் வழி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவேன். முதல் முயற்சிக்கு முன்னால் ஒரு பயிற்சி மையத்தில் சில வாரம் உட்கார்ந்தேன். அங்கே பதினொன்றாம் வகுப்பின் முதல் இரண்டு பாடங்களை, அதாவது மோல் கணக்கையும் (பொருளின் துகள்களை எண்ணும் அலகுதான் மோல்) அணு அமைப்பையும், "இதெல்லாம் பேசிக்தானே, தெரியும்தானே" என்று இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருடம் செலவானது.

2024 தாளில் இந்தக் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடுடன் 25 மில்லிலிட்டர், 0.75 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், வினைபடாமல் மீதம் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? நான் மளமளவென்று போட்டேன். 25 பெருக்கல் 0.75, 18.75. அதை சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறையான 40-ஆல் பெருக்கினால் 750. விடைகளைப் பார்த்தேன், 750 மில்லிகிராம் இருந்தது. ஒரு நொடி கூட யோசிக்காமல் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இவ்வளவு வேகமாகப் போடுகிறோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

750 மில்லிகிராம் என்பது வினைபட்ட அளவு. கேட்டது மீதம். 1000-த்தில் 750 போக 250.

அந்தத் தடவை வேதியியலில் 19 சரி, 14 தப்பு. வினாத்தாளைத்தான் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமே, ரிசல்ட் வந்த வாரம் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வேதியியல் டீச்சரிடம் போனேன். அவர் விடைகளைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நான் கிறுக்கியிருந்த கணக்குகளைத்தான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "18.75. இது என்னம்மா?" என்றார். "மில்லிமோல், டீச்சர்." "எதோட மில்லிமோல்?" எனக்கு உடனே சொல்ல வரவில்லை. "ஊர் பேர் தெரியாத ஆளை ராத்திரி வீட்டுக்குள்ள விடுவியா? எண்ணை மட்டும் எதுக்கு விடுற?" என்றார்.

எண்ணிப் பார்த்தால் அந்த 14 தப்பில் 5 தப்பு இதே ரகம். எண் சரி, அந்த எண் யாருடையது என்பதுதான் தப்பு. ஐந்துக்கும் சேர்த்து 25 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் வராத நான்கும், தப்புக்குப் போன ஒன்றும்.

எனவே நான் சொல்லப்போகும் ஒரே வித்தை இதுதான். மற்றதெல்லாம் உங்கள் சாரே சொல்லியிருப்பார். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ஊரும் பேரும் எழுதுங்கள். ஊர் என்றால் அலகு. பேர் என்றால் எந்தப் பொருள், எந்த நிலையில். ஒரு 80 பக்க நோட்டை எடுத்து எல்லாப் பக்கத்திலும் மூன்று பத்தி கோடு போட்டேன்: எண், அலகு, எதனுடையது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அந்த நோட்டைத் தவிர வேறெதிலும் கணக்கு போடவில்லை. 2023-ல் வந்த சுண்ணாம்புக்கல் கேள்வியை (20 சதவீதத் தூய்மையுள்ள 20 கிராம் கல்லைச் சூடாக்கினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு?) அந்த நோட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

20 – கிராம் – கல், அழுக்கோடு
4 – கிராம் – கால்சியம் கார்பனேட், சுத்தமானது
0.04 – மோல் – கால்சியம் கார்பனேட்
0.04 – மோல் – கார்பன் டை ஆக்சைடு
1.76 – கிராம் – கார்பன் டை ஆக்சைடு

ஐந்து வரி. மூன்றாவது வரியிலிருந்து நான்காவதுக்கு எண் மாறவில்லை, பேர் மட்டும் மாறுகிறது பாருங்கள். சமன்பாடு வேலை செய்யும் இடம் அதுதான். மோல் விகிதம் ஒன்றுக்கு ஒன்று இல்லாத வினைகளில் நான் வழுக்கி விழுந்ததெல்லாம் இந்த இடத்தில்தான்.

நேரம் ஆகுமே என்பீர்கள். ஆகும். முதல் மாதம் ஒரு கணக்குக்கு நான்கு நிமிடம் ஆனது, அழுகை வந்தது. ஜனவரியில் ஒன்றரை நிமிடம். என் தோழி ஒருத்தி எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட்டு என்னைவிட அதிகம் வாங்கியிருக்கிறாள். அவள் தலை வேறு, என் தலை வேறு. நான் பதற்றக்காரி, பரீட்சை ஹாலில் எனக்கு மண்டை நிற்காது, கைதான் நிற்கும். உங்களுக்கு மண்டை நிற்கும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

பருப்பொருள் வகைப்பாடு: அரை மணி நேரம் போதும். தனிமம், சேர்மம், ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை. இதற்குமேல் இதில் நேரம் போடாதீர்கள்.

அளவீடு: இயற்பியலின் முதல் பாடத்தோடு சேர்த்துப் படித்தால் ஒரே வேலையாக முடிந்துவிடும். துல்லியத்தன்மைக்கும் (உண்மை அளவுக்கு நெருங்கி வருவது) நுட்பத்துக்கும் (அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவது) என்ன வேறுபாடு என்பது எனக்கு நிற்கவே இல்லை, அம்மாவின் கையை அளந்த பிறகுதான் நின்றது. அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் முழம் போட்டு வைத்த மல்லிகைச் சரங்களை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறு சரம், ஆறுமே 41-க்கும் 42 சென்டிமீட்டருக்கும் நடுவில். முழம் என்றால் 18 அங்குலம், 45 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஆக அம்மாவின் முழத்தில் நுட்பம் உண்டு, துல்லியத்தன்மை இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "இதை வாங்க வர்றவங்ககிட்ட சொல்லி வைக்காத" என்றாள்.

முக்கிய எண்ணுருக்கள் பற்றி இரண்டு வரி. 2.50-ல் மூன்று, 0.0025-ல் இரண்டு. பெருக்கல் வகுத்தலில் குறைந்த எண்ணுரு உள்ளதைப் பார், கூட்டல் கழித்தலில் குறைந்த தசம இடம் உள்ளதைப் பார். அவ்வளவுதான்.

டால்டன்: 2025 தாளில் டால்டனின் அணுக் கொள்கையால் எதை விளக்க முடியாது என்று கேட்டார்கள். விடை, கே-லூசாக்கின் பருமன் விதி. மனப்பாடமாகவே போட்டிருக்கலாம், ஆனால் ஏன் என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் மோல் பாடமே திறந்துகொள்ளும். இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பருமன் நீராவி வருகிறது. கே-லூசாக் 1808-ல் சொன்னது. சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள் என்று வைத்தால், ஓர் ஆக்சிஜன் துகள் இரண்டு நீராவித் துகளுக்குள் போக வேண்டும், அதாவது பாதியாக உடைய வேண்டும். டால்டனுக்கோ அணு உடையாது, ஆக்சிஜன் துகள் என்றால் ஒற்றை அணு. அவர் நீரையே ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். 1811-ல் அவோகாட்ரோ, அது அணு அல்ல, இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு என்று வைத்தார், கணக்கு சரியாகிவிட்டது. எண் அதேதான், பேர்தான் தப்பாக இருந்தது! டால்டனுக்கே இந்தச் சறுக்கல் என்றால் எனக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதே தாளில் இன்னொரு கேள்வி, எவற்றில் அணுக்களின் எண்ணிக்கை சமம் என்று. 212 கிராம் சோடியம் கார்பனேட் 2 மோல், ஒவ்வொன்றிலும் 6 அணு, மொத்தம் 12 மோல் அணு. 12 கிராம் ஹைட்ரஜன் 6 மோல் மூலக்கூறு, அதுவும் 12 மோல் அணு. 240 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு 6 மோல், ஆனால் அணு 18 மோல். "மோல்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் ஹைட்ரஜனும் சோடியம் ஹைட்ராக்சைடும் சமம் என்று தோன்றும். 2024-ல் வந்த, எதில் ஹீலியம் அணு அதிகம் என்ற கேள்வியும் இந்த ஜாதிதான்: 4 மோல், 4 அணு நிறை அலகு, 4 கிராம், 2.271098 லிட்டர். முதலாவது நாலு மோல், இரண்டாவது ஒரே ஓர் அணு, மூன்றாவது ஒரு மோல். எண் மூன்றிலும் 4. நாலாவது, 1 பார் அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 22.7 லிட்டர் என்று தெரிந்தவர்களுக்கு 0.1 மோல். நமக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 22.4 நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது 1 அட்மாஸ்ஃபியருக்கு. இரண்டையும் அழுத்தத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

மோலாரிட்டி, மோலாலிட்டி: ஒன்றில் கீழே இருப்பது லிட்டர் கரைசல், இன்னொன்றில் கிலோகிராம் கரைப்பான். மூன்றாவது பத்தியை எழுதுபவர்களுக்கு இது குழம்பவே குழம்பாது.

அணு அமைப்பில் நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நீல்ஸ் போரின் அணு மாதிரிக் கணக்குகளுக்கு ஒரு விகிதம் போதும்: ஆற்றலுக்கு அணு எண்ணின் வர்க்கத்தை வட்ட எண்ணின் வர்க்கத்தால் வகு. ஹீலியம் ஒற்றை நேர்மின் அயனியின் முதல் வட்டத்துக்கு 4 வகுத்தல் 1. பெரிலியம் மூன்று நேர்மின் அயனியின் இரண்டாம் வட்டத்துக்கு 16 வகுத்தல் 4. இரண்டும் 4, ஆற்றல் சமம். 2024-ல் இதைத்தான் கேட்டார்கள், எனக்கு வந்த ஒரு சில கணக்கில் இதுவும் ஒன்று. ஆரத்துக்கு வட்ட எண்ணின் வர்க்கத்தை அணு எண்ணால் வகுத்து 52.9 பிகோமீட்டரால் பெருக்கு.

இங்கேயும் ஊர் பேர் உண்டு. 13.6 எலக்ட்ரான் வோல்ட், 2.18 பெருக்கல் 10⁻¹⁸ ஜூல், 1312 கிலோஜூல். மூன்றும் ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல்தான். முதல் இரண்டும் ஓர் அணுவுக்கு, மூன்றாவது ஒரு மோல் அணுவுக்கு. டிசம்பர் மாதிரித் தேர்வில் மூன்றையும் ஒரே கணக்கில் கலந்து, உலகத்தில் இல்லாத ஒரு விடையைக் கண்டுபிடித்தேன்.

மீதியை வேகமாக:

- அலைநீளத்தை நானோமீட்டரில் வைத்து 1240-ஐ அதனால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். 620 நானோமீட்டர் என்றால் 2. கால்குலேட்டர் இல்லாத ஹாலில் இது தங்கம்.
- டி பிராய் கணக்கில் (துகளின் அலைநீளம் கண்டுபிடிப்பது) நிறை கிலோகிராமில். கிராமில் போட்டால் விடை 1000 மடங்கு தள்ளிப்போகும், அந்தத் தப்பு விடையையும் கொடுத்திருப்பார்கள்.
- குரோமியத்தில் 3டி ஆர்பிட்டால்களில் 5 எலக்ட்ரான், 4எஸ்-ல் 1. தாமிரத்தில் 3டி-யில் 10, 4எஸ்-ல் 1.
- அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரான்கள்தான் முதலில் போகும். முதலில் வந்தவன் முதலில் போகிறான். இரும்பின் இரண்டு நேர்மின் அயனியில் 3டி-யில் 6, 4எஸ் காலி.
- ஆரக் கணுக்கள் (எலக்ட்ரான் காணப்படாத கோளப் பரப்புகள்) எத்தனை: முதன்மைக் குவாண்டம் எண்ணிலிருந்து கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் 1-ஐயும் கழி.
- ஆர்பிட்டால் படங்களைப் பார்த்துப் படிக்காதீர்கள், வரைந்து படியுங்கள்.

தமிழ் வழிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. நம் வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆக நமக்கு யாரும் மதிப்பெண் கூட்டித் தரப்போவதில்லை. கரைசல், கரைப்பான், கரைபொருள் மூன்றுக்கும், மீதம், வினைபட்ட, அதிகப்படியான என்ற சொற்களுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கணக்குக் கேள்வியில் கடைசி வரியை மட்டும் இரண்டு மொழியிலும் படியுங்கள். நான் அந்த வரியில் கேட்ட பொருளுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கினேன்.

2025-ல் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி, 2024 போல 20 நிமிடம் கூடுதலாகக் கிடையாது. உயிரியலை 50 நிமிடத்தில் முடித்துவிட்டு வேதியியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தேன். 44 எழுதினேன், 33 சரி, 11 தப்பு. தப்பு பெரும்பாலும் கரிம வேதியியலில், படிக்காததால் வந்தது. அதற்கு வருத்தமில்லை. ஊர் பேர் தெரியாமல் விட்டது என்று ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசி பத்து நிமிடத்தில், பெல் அடிக்கப் போகிறது என்ற அவசரத்தில் மூன்றாவது பத்தி எழுதாமல் போட்ட கணக்கு.

நோட்டைக் கேட்டுப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நேற்று வந்தான். கொடுக்கவில்லை. கலந்தாய்வு முடியட்டும், சீட் வந்தால் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.