ஐம்பது வெள்ளியும் ஓர் அஞ்சல் முத்திரையும்

வெளிநாட்டுத் தளங்களில் பணியாற்றும் சிங்கப்பூர் ஆயுதப்படையினர் வாக்களிப்பதற்கு விதிகள் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கின்றன. வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ள விரும்பும் மற்றவர்கள், குறிப்பிட்ட தேதிக்கு முந்திய 3 ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது சிங்கப்பூரில் தங்கியிருக்க வேண்டும். படையில் முழுநேரப் பணியில் இருப்பவர்களை அந்த நிபந்தனை கட்டுப்படுத்துவதில்லை. 2023இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்கள் அஞ்சல் வழியாகவும் வாக்களிக்கலாம். இத்தனை வசதி இருந்தும், 2025 பொதுத் தேர்தலில் எங்கள் இருவரின் வாக்குகளையும் கொண்டுசேர்ப்பதற்குள் எனக்கு உண்டான எரிச்சல், இப்போது நாடு திரும்பி வீட்டில் உட்கார்ந்து எழுதும்போதும் முழுதாக அடங்கவில்லை. விதியைப் படித்துப் பார்க்காமலே முகப்பில் அமர்ந்து பதில் சொல்கிறவர்களே அதற்குக் காரணம்.

என் கணவர் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருக்கிறார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள மவுண்டன் ஹோம் விமானப்படைத் தளத்தில் 2009ஆம் ஆண்டு முதல் நம் எஃப்-15எஸ்ஜி விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு இயங்கிவருவது பலருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் 2023 செப்டம்பர் நடுவில் அங்கே போவதாக இருந்தது. அதிபர் தேர்தலுக்கான ஆணை அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி பிறப்பிக்கப்பட்டது. வெளிநாட்டு வாக்காளராகப் பதிவதற்கான கெடு முடிந்த பிறகு, எங்கள் பயணம் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு முன்னால் இழுக்கப்பட்டது. படையில் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆகவே செப்டம்பர் 1ஆம் தேதி வாக்களிப்பின்போது நாங்கள் ஊரிலும் இல்லை, வெளிநாட்டுப் பட்டியலிலும் இல்லை. வாக்களிக்காதவர்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்பதால், எங்கள் பெயர்களும் போயின.

நீக்கப்பட்ட பெயரை மீண்டும் சேர்க்க விண்ணப்பித்தால் போதும். வாக்களிக்காததற்குத் தகுந்த காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்ட வேண்டும். கணவர், அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக உள்ளே போய், வெளிநாட்டில் பணியில் இருந்ததைக் காரணமாகக் காட்டி, தேநீர் ஆறுவதற்குள் தம் வேலையை முடித்துக்கொண்டார்.

என்னுடைய சிங்பாஸ் கணக்கு பழைய கைத்தொலைபேசி எண்ணுடன் இணைந்திருந்தது. நாங்கள் புறப்பட்ட பிறகு அந்த எண் காலாவதியாகி, ஒருமுறைக் கடவுச்சொல் எங்கே போகிறதென்றே தெரியாத நிலை. 2025 ஜனவரியில் அத்தையின் கண் அறுவை சிகிச்சைக்காக ஊருக்கு வந்திருந்தேன். அந்தக் கணக்கைச் சரிசெய்துகொண்டு, அப்படியே பெயரையும் நேரில் சேர்த்துவிடலாம் என்று வீட்டுக்கு அருகிலிருந்த சேவை முகப்பு ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் என் அடையாள அட்டையை வாங்கித் திரையைப் பார்த்துவிட்டு, ஐம்பது வெள்ளி கட்டினால் இன்றைக்கே விண்ணப்பம் போய்விடும் என்றார். என் கணவர் படைப்பணியில் இருக்கிறார், அவருடன் நானும் அங்கே தங்கியிருந்தேன் என்று விளக்கினேன். அதற்கு அவர், "அது அவருடைய காரணம் மேடம். உங்களுடைய காரணம் என்ன?" என்று கேட்டார். வேலையில் இருந்தவர் அவர், நான் வேலையில் இல்லை, அதனால் என்னுடையது விடுமுறைபோலத்தான் என்பது அவர் கணக்கு. கணவரின் பிரிவிலிருந்து என் பெயரையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதத்துக்காக ஐடஹோவில் நள்ளிரவு என்றும் பாராமல் கணவரை எழுப்பி, அவர் தம் மேலதிகாரியிடம் சொல்லி, அது மின்னஞ்சலில் வந்து சேர்வதற்குள் சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. திருமணச் சான்றிதழின் நகலையும் கடிதத்தையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, பண்டிகைக்கு முதல் நாள் மதியம் போனால் முகப்பின் கதவு சாத்தியிருந்தது. அரை நாள்தான் வேலை என்று கதவில் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தார்கள். முதல் முறை போனபோது அதைப்பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. "ஐம்பது வெள்ளிதானேம்மா, கட்டிட்டு வந்துடேன், இப்படி அலையணுமா?" என்றார் அத்தை. பணம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அதைக் கட்டினால், காரணமில்லாமல் வாக்களிக்காமல் இருந்தேன் என்று நானே எழுதிக்கொடுத்தது போலாகிவிடும், அது உண்மையில்லை.

பண்டிகை முடிந்து மீண்டும் போனபோது வேறொருவர் இருந்தார், நடுத்தர வயதைத் தாண்டிய தமிழர். நான் கோப்பைத் திறப்பதற்கு முன்பே கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். காரணங்களின் பட்டியலில் வெளிநாட்டு வேலை, வெளிநாட்டுப் படிப்பு ஆகியவற்றுக்கு அடுத்தாற்போல, வெளிநாட்டில் வேலை செய்யும் அல்லது படிக்கும் கணவருடனோ மனைவியுடனோ வசித்துவந்தது என்று தனியாக ஒரு வரியே இருந்தது. "இதைத்தானே தேடிக்கிட்டு இருக்கீங்க? இதுக்கு எதுக்கும்மா பணம்?" என்று கேட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தார். கடிதத்தை அவர் கேட்கவே இல்லை. படைவீரர்களின் மனைவிமாருக்கும், மனைவி பணியில் இருக்க உடன் சென்ற கணவன்மாருக்கும் நான் சொல்வது இதுதான்: அந்த வரி பட்டியலில் இருக்கிறது. முகப்பில் யார் என்ன சொன்னாலும், திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கெடு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு, நீக்கப்பட்ட பெயரைச் சேர்க்க முடியாது. வாக்களிப்பு முடியும்வரை அந்தக் கதவு மூடியிருக்கும். வெளிநாட்டு வாக்காளராகப் பதிவதற்கோ ஆணை வந்த பிறகும் 2 நாள் அவகாசம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆணை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் பிரிவுக் குடும்பங்களில் சிலர் இருந்தார்கள். மார்ச் 11ஆம் தேதி, தேர்தல் நெருங்குவதற்கு அறிகுறியான தொகுதி எல்லை அறிக்கை வெளியானதும் நான் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஏப்ரல் 15ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, அன்றே ஆணையும் வந்துவிட்டது. வெளிநாட்டு வாக்காளர் பதிவுக்கான கடைசி நாள் 17ஆம் தேதி என்பதைச் சிங்கப்பூர் நேரத்தில் கணக்கிட வேண்டும்; ஐடஹோ நமக்கு 14 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே காலை பத்து மணி ஆகும்போது இங்கே அந்த நாளே முடிந்துவிடும்.

வெளிநாட்டு வாக்காளர் பதிவு இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்தது. நேரில் வாக்களிக்க 10 நகரங்களில் நிலையங்கள் இருந்தன என்றாலும், எங்களுக்கு அருகில் இருந்த சான் பிரான்சிஸ்கோவே சாலை வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அஞ்சல் வாக்கைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏப்ரல் 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் முடிந்த பிறகு, வாக்குச்சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்ற தகவல் வந்தது. சீட்டையும், அதைத் திருப்பி அனுப்புவதற்கான உறையையும் நாமே அச்சிட்டுத் தயார் செய்ய வேண்டும். அமெரிக்காவில் வீட்டிலும் அலுவலகத்திலும் நூலகத்திலும் பயன்படுத்தும் தாள் நம் ஏ4 தாளைவிடச் சற்று அகலமானது, நீளம் குறைவு. நூலகத்தில் அச்சிட்ட பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டே வந்தது. சுருக்கி அச்சிட்டால் எல்லாம் சிறிதாகிறது, அதைத் தேர்தல் துறை ஏற்குமோ ஏற்காதோ என்ற பயம். கடைகளில் ஏ4 கேட்டால், அது என்ன என்பதுபோல் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் தமிழ்ப் பயிற்சித்தாள்களை அச்சிடுவதற்காக ஊரிலிருந்து ஒரு கட்டு ஏ4 தாள் கொண்டுவந்திருந்த சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று அங்கே இருந்தது எங்கள் நல்ல காலம். அவர்கள் வீட்டு அச்சுப்பொறியில், வாக்குச்சீட்டு பிறர் கண்ணில் படாதபடி அவரவர் பக்கத்தை அவரவரே எடுத்துக்கொண்டோம். வீடு திரும்பிய பிறகு, கணவர் சமையலறை மேசையிலும் நான் படுக்கையறையிலும் உட்கார்ந்து குறியிட்டோம். யாருக்கு என்று இன்றுவரை இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

உறை வாக்களிப்பு நாளுக்கு முன்பே, அதாவது மே 2ஆம் தேதிக்குள், அஞ்சல் முத்திரை பெற்றிருக்க வேண்டும். வாக்களிப்பு முடிந்து 10 நாளுக்குள், அதாவது மே 13ஆம் தேதிக்குள், சிங்கப்பூரில் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வாக்கு எண்ணப்படாது. விடுப்பில் ஊருக்குப் போகும் நண்பர் ஒருவர் தாமே கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் அனுப்பினால்தான் செல்லும் என்பதால் மறுத்துவிட்டோம். அன்போடு சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில், போய்சி நகர்ப் பக்கத்திலுள்ள ஓர் அஞ்சலகத்துக்குப் போனோம். உறைக்கான அஞ்சல் கட்டணம் முன்பே செலுத்தப்பட்டது என்று அதன்மேல் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்த முகப்பு ஊழியர், தபால்தலை இல்லாத உறைக்கு முத்திரை குத்த வேண்டியதில்லை என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் அதைப் பின்னாலிருந்த பெட்டியில் போடக் கையை நீட்டிவிட்டார். முத்திரை குத்துவதே தபால்தலையை மறுபடி பயன்படுத்தாமல் தடுக்கத்தானே, தலையே இல்லாதபோது எதற்கு என்பது அவருடைய நியாயம். அவர் வரையில் அது சரிதான். ஆனால் எங்கள் வாக்கின் ஆயுள் அந்த வட்டத்துக்குள் இருக்கும் தேதியில் இருக்கிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? இது சிங்கப்பூர்த் தேர்தல், தேதி தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கணவர் பொறுமையாகச் சொன்னார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சுவிட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு வெளிநாட்டுத் தபால்தலையை, ஒன்று 1.65 அமெரிக்க வெள்ளி, வாங்கி ஒட்டினோம். இப்போது முத்திரை குத்த அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வட்ட முத்திரையை எடுத்துக் குத்தினார். என் உறையில் மை தபால்தலையின் கரிய பகுதியில் விழுந்து, மாதம் மட்டும் தெரிந்தது, நாள் தெரியவில்லை. வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டி இன்னொன்று கேட்டேன். புருவத்தை உயர்த்திக்கொண்டே, இந்த முறை முத்திரையை மைத் திண்டில் நன்றாக அழுத்தி நிதானமாகக் குத்தினார்; ஏப்ரல் 28, 2025 என்று எழுத்துக்கு எழுத்து தெளிவாகப் பதிந்தது. முத்திரை பதிந்த உறையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே அவரிடம் கொடுத்தேன். அமெரிக்க அஞ்சலகங்களில் கையால் முத்திரை குத்தித் தரும்படி முகப்பிலேயே கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தெருவோர நீலப் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தேர்தலுக்குப் பிறகு, வாக்களிக்காதவர்களின் பெயர்ப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது சிங்பாஸ் வழியாகப் போய்ப் பார்த்தோம். அதில் எங்கள் இருவரின் பெயரும் இல்லை. அத்தையிடம் சொன்னதற்கு, "அப்போ அந்த அம்பது வெள்ளி மிச்சம்" என்றார்.

புதிதாகத் தளத்துக்குப் புறப்படுகிறவர்கள், போகும் நாட்டின் எண் கிடைத்ததும் அதைச் சிங்பாஸில் மாற்றிக்கொள்ளுங்கள், வெளிநாட்டு எண்ணையும் அது ஏற்கும். பெட்டியில் இடமிருந்தால் கொஞ்சம் ஏ4 தாளும் எடுத்துப்போங்கள். 2025இல் வாக்களிக்க முடியாமல் போய்ப் பெயர் நீங்கியிருந்தால், அடுத்த தேர்தல் பேச்சு எழும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் கேட்டால், காரணங்களின் பட்டியலைக் கடைசி வரி வரை படித்துப் பார்த்த பிறகே பணப்பையைத் திறங்கள்.