சிஸ்டர் நான்சிக்கு 32 வருஷம் வராத காசு

அமெரிக்க ராப்பர் கான்யே வெஸ்ட் 2016-ல விட்ட 'ஃபேமஸ்' கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாட்டோட பின்பாதில ஒரு பொண்ணு குரல் தெனாவெட்டா வந்து எறங்கும், அதுக்கப்புறம் மத்தவங்க பாடினது எதுவுமே மனசுல நிக்காது. அந்தக் குரல் சிஸ்டர் நான்சியோடது, பாட்டு 1982-ல வந்த 'பாம் பாம்'. டான்ஸ்ஹால்ங்கற ஜமைக்கா ஆட்டப் பாட்டு பக்கம் ஒதுங்காதவங்களுக்கு கூட இந்த ஒரு பாட்டு எங்கேயாவது காதுல விழுந்திருக்கும்.

நிஜ பேரு ஓஃப்லின் ரஸ்ஸல். 1962-ல ஜமைக்கா கிங்ஸ்டன்ல பொறந்தவங்க, வீட்ல மொத்தம் 15 பிள்ளைங்க. அண்ணன் பிரிகேடியர் ஜெரி ஏற்கனவே பெரிய தலை, ஜா லவ்ங்கற சவுண்ட் சிஸ்டம்ல கலக்கிட்டு இருந்தவர். சவுண்ட் சிஸ்டம்னா ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிங்கள வண்டில ஏத்திட்டு வந்து ஏதாவது காலி எடத்துல அடுக்கி வச்சு ராத்திரி பூரா ஆட்டம் போடுறது. ரெக்கார்ட் போடுறவர் செலக்டர். சிங்கிள் ரெக்கார்டோட மறுபக்கத்துல குரலே இல்லாம வெறும் மியூசிக் இருக்கும், அத ஓட விட்டு மைக்க புடிச்சு அங்கேயே வரி கட்டி பாடுறவங்கதான் டீஜே (நம்ம ரிசப்ஷன் டீஜே வேற, இவங்க வேற). அந்த மைக் அப்போ கிட்டத்தட்ட முழுக்க ஆம்பளைங்க கைல, அதுக்குள்ள டீனேஜ்லயே இந்தப் பொண்ணு பூந்துட்டாங்க. பின்னாடி ரெகே சன்ஸ்ப்ளாஷ்ங்கற ஜமைக்கா இசை விழா மேடை ஏறின முதல் பெண் டீஜேவும் இவங்கதான்.

டெக்னிக்ஸ்ங்கற ரெக்கார்ட் கம்பெனி நடத்தின தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி இவங்கள வச்சு 'ஒன் டூ'ன்னு ஒரு ஆல்பம் போட்டார், அதுல ஒண்ணுதான் 'பாம் பாம்'. பின்னாடி ஓடுற மியூசிக் புதுசு கூட இல்ல, 1973-லயே ரைலி தயாரிச்ச 'ஸ்டாலாக்' ரிதம்தான். ஜமைக்கால இது ரொம்ப சகஜம், ஒரே ரிதம் மேல ஆளாளுக்கு வந்து தன் பாட்ட ஏத்திட்டு போவாங்க. 'பாம் பாம்'ங்கற பல்லவியும் 1966-ல டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் பாடி போட்டில ஜெயிச்ச பாட்டுல இருந்து எடுத்ததுதான். அப்போ நான்சியோடது என்னன்னு கேட்டா, மீதி எல்லாமே. நான் பொம்பள, ஆம்பள இல்ல, மைக் புடிக்கறதுதான் என் லட்சியம்னு அவங்க சொல்ற எடத்துல குரல்ல ஒரு கெஞ்சல் கூட இருக்காது பாருங்க, ஏற்கனவே முடிவான விஷயத்த தகவலுக்கு சொல்ற மாதிரி அசால்ட்டா போவாங்க, எனக்கு அந்த எடம்தான் மொத்த பாட்டே.

ஜமைக்கால அப்போ அது பெருசா ஓடல. ஆனா வெளியூர்ல தன்னால பரவிடுச்சு. 1996-ல நான்சி அமெரிக்கா போய் நியூ ஜெர்சில செட்டில் ஆகி, பேங்க்ல அக்கவுண்டன்ட் வேலை பாத்தாங்க. 1998-ல 'பெல்லி' படத்துல பாட்டு வருது, அதே வருஷம் அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் தன்னோட 'லாஸ்ட் ஒன்ஸ்' பாட்டுல அந்த மெட்ட எடுத்து போடறாங்க, இவங்க பாட்டுக்கு ஆபீஸ் போயி மத்தவங்க கணக்க சரி பாத்துட்டு இருக்காங்க, சொந்தப் பாட்டுக்கு வர வேண்டிய கணக்க பாக்கத்தான் ஆள் இல்ல. அந்தக் கால ஜமைக்கால நெறைய பேருக்கு இதே கதைதான், ரெக்கார்டிங்குக்கு வந்தமா பாடினமா கைல ஏதோ வாங்கினமான்னு போயிடுவாங்க, உரிமை எல்லாம் தயாரிப்பாளர் பக்கம்.

2014-ல ரீபாக் விளம்பரத்துல தன் குரலே டிவில ஓடறத பாத்தப்புறம்தான் வக்கீல் வச்சாங்க. பாட்டு வந்து 32 வருஷம்! கடைசில பாட்டோட உரிமைல 50 சதவீதமும், முந்தின 10 வருஷத்துக்கான காசும் கெடைச்சது. அதுக்கு முந்தின 22 வருஷம் போனது போனதுதான். பத்து வருஷமாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படறவங்க படட்டும், எனக்கு வயிறு எரியுது. ரைலிகிட்ட நேரா கேக்கவும் வழியில்ல, அவர் சுடப்பட்டு 2012-லயே இறந்துட்டார்.

2017-ல ராப்பர் ஜே-ஸீ 'பாம்' பாட்டுக்கு ஜமைக்கால எடுத்த வீடியோல நான்சியே வர்றாங்க. பேங்க் வேலைய விட்டுட்டு அறுபது தாண்டியும் ஊர் ஊரா மேடை ஏறிட்டு இருக்காங்க.

ஒரே பாட்டு ஹிட்டு கொடுத்தவங்கன்னு இவங்கள ஒதுக்கறவங்க 'ஒன் டூ' ஆல்பத்த முழுசா கேட்டதில்லன்னு அர்த்தம், டைட்டில் பாட்ட மட்டுமாவது போட்டு பாருங்க. அப்புறம் 1985-ல டெனர் சா பாடின 'ரிங் தி அலார்ம்' கேளுங்க, அதே ஸ்டாலாக் ரிதம்தான், ஆனா பாட்டு வேற உலகம்.