சு வரிசையில் மூன்று பேர்

ராயப்பேட்டையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. கைவசம் இருப்பது ஒரு வாழ்க்கைக் குறிப்பு அகராதி. இதில் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் அகரவரிசை போடுவோம். அப்படித் தள்ளியதும் ஒரே பெயர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் மூவருக்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டுறவு கிடையாது. சுப்பிரமணியர்கள் வந்தபோதுதான் கதை மாறியது. (எங்கள் லேஅவுட் அண்ணன் பெயரும் அதுதான். "என்னையும் சேர்த்துடுங்க" என்று தினமும் ஒரு தடவை சொல்வார்.)

முதலில் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் நண்பர்களோடு 'தி இந்து'வைத் தொடங்கியபோது கையில் காசில்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1882-ல் 'சுதேசமித்திரன்'. 1885-ல் காங்கிரஸின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது, 1889-ல் விதவையான தன் மகளுக்கு அவர் மறுமணம் செய்துவைத்தது. மேடையில் சீர்திருத்தம் பேசிவிட்டு, வீடு என்று வந்ததும் நழுவியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

அடுத்து சுப்பிரமணிய சிவா, கடைசியில் பாரதி. 1904-ல் பாரதியைச் சென்னைக்கு அழைத்து வந்து சுதேசமித்திரனில் துணையாசிரியர் ஆக்கியவர் ஐயர்தான். அப்புறம் 1908 வருகிறது. மார்ச்சில் வ.உ.சி.யோடு சிவா கைது. ஆகஸ்டில் ஐயர் கைது. 'இந்தியா' பத்திரிகைமீது வழக்கு பாய்ந்ததும் பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். ஒரே வருஷத்தில் மூன்று சுப்பிரமணியர்களும் சர்க்காரின் கண்ணில் விழுந்திருக்கிறார்கள். புரூஃபில் மூன்று பதிவுகளும் ஒரே தாளில் இல்லாவிட்டால் இது எனக்கு உறைத்திருக்காது.

பக்க ஒதுக்கீட்டில்தான் பிரச்சினை. பாரதிக்கு மூன்று பத்தி, ஐயருக்கு முக்கால், சிவாவுக்கு அரை. பாரதிக்குக் குறைக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் சிவாவுக்கு அரைப் பத்தி அநியாயம். சிறையில் தொழுநோய் பிடித்து 1912-ல் வெளியே வந்தவர் அவர். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்றார்கள். ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 'ஞானபானு' என்று பத்திரிகையும் நடத்தினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தபோது வயது 40. பாரதிக்கு அந்த வயதுகூட ஆகவில்லை. 1920-ல் மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்து, மறு வருஷமே திருவல்லிக்கேணியில் போய்விட்டார்.

ஆசிரியர் சாரிடம் போய்க் கேட்டேன். "இடம் எங்கப்பா இருக்கு?" என்றார். சிவாவின் படத்தைச் சின்னதாக்கினால் நாலு வரி கிடைக்கும் என்று லேஅவுட் அண்ணன் கணக்குச் சொன்னார். சரி என்று ரயில் விஷயம் உள்ளே போனது.

ஐயருக்கும் பாரதிக்கும் நடுவே இரு பக்கமும் 'காண்க' போட வேண்டும் என்றும் கேட்டேன். பாதிதான் நடந்தது. ஐயர் பதிவின் கீழே 'காண்க: சுப்பிரமணிய பாரதி' இருக்கிறது. பாரதி பதிவில் அதற்கு இடமில்லையாம்.