ஒன்றும் எழுதாமல் தேடினால் என்ன காட்டுவது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு நான் அமைத்துக் கொடுத்த வலைத்தளத்தில், தேடுபெட்டி தவறாக நடந்துகொண்டது. "தம்பி, கொலுசுன்னு தமிழ்ல அடிச்சா மெட்டி, அரைஞாண், குத்துவிளக்குன்னு கடையில இருக்கிறதையெல்லாம் காட்டுதுங்க" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். ஆத்தூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் தமிழில்தான் தேடுகிறார்கள் என்பதால், இது சிறிய குறை அல்ல.

காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி. தேடுசொல்லைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி, ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர மற்ற அனைத்தையும் அது நீக்கியது. தமிழ்ச் சொல் முழுவதும் அங்கேயே அழிந்துவிட, எஞ்சிய வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), தரவுத்தள வினவல் மொழியான எஸ்.கியூ.எல்.லின் 'லைக்' நிபந்தனையில் 'எதுவாயினும்' என்று பொருள்படும் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே போய், '%%' என்றாகி, பெயருள்ள எல்லாப் பொருளோடும் பொருந்தியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான குறியீட்டுத் தரமான யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையை மட்டும் அனுமதித்து இதைத் திருத்தியபோது, 'கொலுசு' என்பது 'கலச' ஆயிற்று. ஏனெனில் நம் உயிர்க்குறிகளை யூனிகோடு எழுத்தாக அன்றி 'குறி' என்ற வேறு வகையில் வைத்திருக்கிறது. அந்த வகையையும் சேர்த்த பின்பே சொல் முழுதாக நின்றது.

பயனர் வெறுமையாக விட்ட பெட்டியும், அவர் எழுதியதை நம் நிரல் வெறுமையாக்கிய பெட்டியும் ஒன்றல்ல என்பதை நான் முதலிலேயே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது நிலையில் அவர் எழுதிய சொல்லைப் பெட்டியிலேயே வைத்து, அதைத் தேட இயலவில்லை என்று தெளிவாகச் சொல்வதே முறை.

உண்மையிலேயே ஒன்றும் எழுதாமல் பொத்தானை அழுத்துபவரைச் சிவப்பு எழுத்தில் கண்டிப்பதை நான் ஏற்கவில்லை. கடைக்குள் வந்து பேசாமல் நிற்பவருக்கு முன்னால் நாலு தட்டை எடுத்து வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அதுபோல வகைகளையும் புதிய வரவுகளையும் காட்டலாம். 'முடிவுகள் எதுவும் இல்லை' என்பது அங்கே பொய், ஏனெனில் தேடலே நடக்கவில்லை. எடையையோ வகையையோ தேர்ந்தெடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் விட்டிருந்தால், அது முழுமையான கேள்வி. அதைத் தடுக்கக் கூடாது. பெட்டியை 'ரிக்வயர்ட்' (கட்டாயம் நிரப்ப வேண்டியது) என்று குறித்தால் இந்தக் கேள்வியும் தடுக்கப்படும். வெறும் இடைவெளிகளோ தாராளமாக உள்ளே வரும்.

தேடுபொறியின் இயல்பை நம்பி இதை விட்டுவிடவும் முடியாது. 'லைக்' எல்லாவற்றையும் கொடுக்கும் இடத்தில், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் 'மேட்ச்' வினவல், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுப்பாய்வில் சொற்கள் அனைத்தும் நீங்கிவிட்டால், நாம் மாற்றாதவரை ஒன்றையும் கொடுக்காது. ஆகவே வெறுமையா என்ற சோதனையை வினவலுக்கு முன்பே நம் நிரலில், சேவையகத்தில் செய்ய வேண்டும்.

இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஐந்து உள்ளீடுகளைச் சோதிக்கிறேன்: ஒன்றுமில்லாதது, மூன்று இடைவெளிகள், 'கொலுசு', தனித்த சதவீதக் குறி, தமிழ் விசைப்பலகைகள் சில சமயம் இடும் அகலமற்ற இணைப்புத் தடைக்குறி (இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது). கண்ணுக்குத் தெரியாத இந்தக் கடைசிக் குறியை உரையின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை வெட்டும் ஜாவாஸ்கிரிப்டின் 'ட்ரிம்' நீக்குவதில்லை என்பதால், அதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.