சினைப்பையை எடுத்துவிட்டேன், மார்பகத்தை எடுக்கவில்லை

எனக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு இருக்கிறது, அதாவது மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிற, பரம்பரையாக வரும் மாற்றம். வயது 39, இரண்டு பிள்ளைகள், இதுவரை புற்றுநோய் வரவில்லை. போன வருடம் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டேன். மார்பகங்களை எடுக்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா ரெண்டையும் எடுக்க வேண்டியதுதானே, அதென்ன பாதி?" இதில் பாதி என்று எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனிக் கேள்விகள், இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை யாராவது முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதலில் தெரிந்தது அக்காவால். அவளுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய், ட்ரிபிள் நெகட்டிவ் என்கிற, ஹார்மோன் மருந்துகளுக்குக் கட்டுப்படாத முரட்டு வகை. இந்த வயதில் இந்த வகை வந்தால் மரபணுப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பிறழ்வு உறுதியானதும் கூடப்பிறந்த எங்களுக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்துவிட்டதால் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. தம்பிக்கு இல்லை, எனக்கு இருந்தது.

அம்மா பக்கத்தில் யாருக்கும் புற்றுநோய் கிடையாது, அதனால் இது எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் குழம்பினோம். அப்புறம் அப்பாவைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, அவர் வழியாகத்தான் வந்திருக்கிறது. என் பெரிய அத்தை வயிறு வீங்கி, நீர் கோத்து, ஐம்பது வயதுக்குள் போய்விட்டார். ஊரில் அதை 'வயித்துக் கட்டி' என்று சொல்லி முடித்துவிட்டார்கள், இப்போது பழைய சீட்டுகளைப் பார்த்த மருத்துவர் அது சினைப்பைப் புற்றுநோயாகத்தான் இருந்திருக்கும் என்கிறார். அப்பா வழியிலும் இது வரும் என்பது பலருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் குடும்ப விவரம் கேட்டால் தாய்வழி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். தயவுசெய்து அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம். பார்த்ததும் எனக்கும் 72தான் பயங்கரமாகத் தெரிந்தது. ஏஞ்சலினா ஜோலி 2013இல் மார்பகங்களை எடுத்துக்கொண்டதாக எழுதியது நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் வந்ததால் இந்த விஷயம் என்றாலே நமக்கு மார்பகம்தான் நினைவுக்கு வருகிறது. அவருக்கும் பிஆர்சிஏ1தான். 2015இல் அவர் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டது இங்கே அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஆனால் எந்த எண் பெரியது என்று பார்ப்பதைவிட, நோய் வந்தால் முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு உதவியது. மார்பகத்துக்கு வழி இருக்கிறது. வருடம் ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). சினைப்பைக்கு அப்படி நம்பகமான எதுவும் கிடையாது. பிரிட்டனில் 2,00,000 பெண்களுக்கு மேல் சேர்த்து, சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. அவர்கள் சாதாரண ஆபத்து உள்ள பெண்கள்தான், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கும் அந்தப் பரிசோதனைகள் உயிரைக் காப்பாற்றும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வயிறு வீங்கித் தெரியவரும்போது நோய் பெரும்பாலும் பரவியிருக்கும், அத்தைக்கு நடந்ததும் அதுதான். 'ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் பண்ணிக்கலாமே' என்று என் மாமியார் அக்கறையாகச் சொன்னார். அந்த ஸ்கேன் என்னைக் காப்பாற்றும் என்றால் நான் அறுவை சிகிச்சைக்குப் போயே இருக்க மாட்டேன்.

பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு, குழந்தை போதும் என்று முடிவானபின் 35 முதல் 40 வயதுக்குள் எடுத்துவிடச் சொல்வதுதான் வழக்கம். எனக்குக் கேள்வியே மிச்சமில்லை. லேப்பராஸ்கோப்பில், சிறு துளைகள் வழியாகச் செய்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். போவதற்கு முன் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: எடுத்த கருக்குழாய்களை லேபில் மெல்லிய துண்டுகளாக வெட்டி முழுவதும் பார்ப்பார்களா என்று. இந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது, எந்த அறிகுறியும் இல்லாமல் எடுத்தவர்களில் சிலருக்கு உள்ளே ஏற்கெனவே சிறியதாக ஒளிந்திருந்தது உண்டு. எனக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு வந்தது எளிதாக இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்களுக்குப் படிப்படியாக வருகிற மெனோபாஸ் எனக்கு ஒரே நாளில் வந்தது. நடுராத்திரியில் உடம்பெல்லாம் வேர்த்துவிடும், காரணமில்லாமல் பிள்ளைகள்மீது எரிந்து விழுவேன், உறவில் வறட்சியும் வலியும். என் வீட்டுக்காரரிடம் இதைப் பேசவே கூச்சமாக இருந்தது, பேசிய பிறகுதான் கொஞ்சம் சரியானது. மார்பகப் புற்றுநோய் வராதவர்கள் இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள், நானும் எடுக்கிறேன். கர்ப்பப்பையை விட்டுவைத்திருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். எலும்பு அடர்த்தியையும் இனி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்குப் புற்றுநோய் வந்துவிட்டதால் அந்த ஹார்மோன் வசதிகூடக் கிடையாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறாள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தரவில்லை. நோயே இல்லாதபோது எதற்கு அறுவை சிகிச்சை என்று ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். புற்றுநோய் வந்த பிறகு கீமோவுக்கு லட்சக்கணக்கில் தருவார்களாம், வராமல் தடுக்க ஒரு ரூபாய் கிடையாதாம். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நகையை வைத்துக் கட்டினோம். வைக்க நகை இல்லாத பெண் என்ன செய்வாள்?

இப்போது மார்பகம். எடுத்தால் ஆபத்து 90 சதவீதத்துக்கும் மேல் குறையும், எனக்கு அது நன்றாகத் தெரியும். எம்ஆர்ஐ நோயைத் தடுக்காது, சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். சீக்கிரம் பிடித்தாலும் கீமோ தேவைப்படலாம், அதுவும் பிஆர்சிஏ1இல் வருவது பெரும்பாலும் அக்காவுக்கு வந்த அதே முரட்டு வகை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் தள்ளிவைத்திருக்கிறேன். சினைப்பையை எடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது. மார்பகத்தில், ஒழுங்காக எம்ஆர்ஐ எடுத்துக்கொள்கிறவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. பெரிய அறுவை சிகிச்சை, தொடுவுணர்ச்சி போய்விடும், மறுசீரமைப்பு என்றால் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக நேரலாம். சினைப்பை போன அதே வருடத்தில் இதையும் தாங்க என் மனதில் இடமில்லை. அக்கா மார்பகங்கள் இரண்டையும் எடுத்துவிட்டாள். அவளுக்கு அது சரி, ஒரு பக்கம் வந்தபின் அடுத்த 20 வருடத்தில் மறுபக்கமும் வர சுமார் 40 சதவீதம் வாய்ப்பு இருக்கிறதே. ஒரே வீடு, ஒரே பிறழ்வு, எங்கள் முடிவுகள் வேறு.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால் அதை மட்டும் வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது, அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்று தெரியவரும். இதே போன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2இல் பிறழ்வு என்றால் சினைப்பை ஆபத்து சுமார் 17 சதவீதம்தான், கொஞ்சம் தாமதிக்கலாம். முதலில் மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அத்தைக்கு இரண்டு மகள்கள். பெரியவளிடம் போனில் சொன்னேன், உடனே பரிசோதனைக்கு வந்தாள், அவளுக்கு இல்லை. சின்னவள் தன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இது வெளியே தெரிஞ்சா யார் கட்டிப்பாங்க, இதைப் பத்திப் பேசாத" என்று வைத்துவிட்டாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அவளுக்கு 44 வயது. ஜாதகத்தோடு யாரும் மரபணு ரிப்போர்ட்டைக் கேட்கப் போவதில்லை, சோதனை செய்தது யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அத்தையின் பழைய சீட்டுகளைப் படமெடுத்து அதோடு வைத்தேன். பதில் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் பேசுவேன்.