முதலை தூங்குது, மெதுவா வாங்க

மழலையர் வகுப்பில் நாடகம் நடத்துகிறேன் என்றால் பலரும் உடனே கேட்பது, "ஆண்டு விழாவுக்கா?" என்றுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வசனம் மனப்பாடம் செய்யவைத்து மேடையேற்றுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த வயதில் நாடகத்துக்குப் பார்வையாளர்களே தேவையில்லை. எல்லாரும் ஆட்டத்துக்குள் இருக்க வேண்டும், டீச்சர் உட்பட.

எனக்கு ஒரு நீலத்துணியும் ஒரு சால்வையும் போதும். துணியைத் தரையில் நீளமாக விரித்தால் ஆறு. சால்வையைப் போர்த்தினால் நான் பாட்டி. "எனக்கு நீச்சல் தெரியாதே கண்ணுங்களா, இந்த ஆத்தை எப்படித் தாண்டுவேன்?" என்று கரையில் உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் எப்போதும் பதில் தெரிந்த ஆள் நான்; இங்கே வழி தெரிந்தவர்கள் அவர்கள். அதனால்தான் பாட்டிக்கு எதுவும் தெரியக் கூடாது. ஒருமுறை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலை நனைக்காதீங்க பாட்டி, முதலை தூங்குது" என்று கிசுகிசுத்தான். என் திட்டத்தில் முதலையே கிடையாது. அடுத்த நொடி மொத்த வகுப்பும் நுனிக்காலில் நடந்தது. "சத்தம் போடாதீங்க" என்று நாள் முழுக்கச் சொன்னாலும் வராத அமைதி அது.

ஆசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே நுழையும் இந்த முறையை இங்கிலாந்தில் நாடகக் கல்வியாளர் டாரதி ஹீத்கோட் வளர்த்தெடுத்தார். அது ஏன் பலிக்கிறது என்பதற்கு சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரை நல்ல விளக்கம். விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்றார் அவர். பாத்திரத்துக்கென்று ஒரு விதி உண்டு, அதற்குக் குழந்தை தானாகவே கட்டுப்படுகிறது. பின்னர் மனுயிலென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் இதைச் சோதித்தே பார்த்தார். சும்மா அசையாமல் நில் என்றால் தவித்துப்போகும் குழந்தைகள், காவல்காரர் வேடத்தில் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சால்வையைப் பிள்ளைகளின் கண்ணெதிரேதான் போர்த்துவேன், கண்ணெதிரேதான் எடுப்பேன். வெளியே போய் வேறு ஆளாகத் திரும்பி வந்தால் மூன்று வயதுக் குழந்தை நிஜமாகவே மிரண்டுவிடும். ராட்சசன், பூதம் போன்ற வேடங்களையும் நானாக எடுப்பதில்லை. அவர்களே கேட்டால், சரி, பயந்தாங்கொள்ளி பூதமாக வருவேன்.

ஆட்டத்தை முடிப்பதும் கதைக்குள்ளேயே நடக்க வேண்டும். "போதும், துணியை மடிங்க" என்று வெட்டினால் அழுகைதான். "இருட்டப்போகுது, முதலை முழிச்சுக்கும், எல்லாரும் வீட்டுக்கு ஓடிடலாம்" என்றால் தாங்களே கரையேறிவிடுவார்கள். அப்புறம் உட்காரவைத்து, "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று நான் கேட்பதில்லை. மறுநாளும் அதே ஆறுதான் வேண்டும் என்பார்கள். தயங்காமல் விரித்துவிடுவேன். முதல் நாள் ஓரமாக நின்று பார்த்த குழந்தை பெரும்பாலும் அன்றைக்குத்தான் உள்ளே வரும்.