திருப்திப் படிவத்தில் இல்லாத கேள்விகள்

பரிசோதனைகள், காப்பீட்டு ஒப்புதல், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் முன்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) என வீடு திரும்பும் வரை எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் அன்று நீட்டப்பட்ட திருப்திப் படிவத்திலும் அறைச் சுத்தம், செவிலியரின் கனிவு என எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் எடை இறக்கம் உச்சத்தைத் தொடவே பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்கள் ஆகும் ஒரு சிகிச்சைக்கு, தையல் காயும் முன்பே திருப்தியை அளந்து என்ன பயன்?

சில மாதங்களில் சீப்பு நிறைய முடி வந்தது. வேகமாக எடை குறையும்போது பலருக்கும் நேர்வதுதான், பெரும்பாலும் தானாக நின்றுவிடும் என்பதைப் பிறகே அறிந்தேன். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியபோது கிடைத்த மருத்துவ ஆலோசனை, "ஷாம்பூவை மாத்திப் பாருங்க" என்பது மட்டுமே.

ஓராண்டு கடந்தபின் பாதங்களில் மதமதப்பும் தீராத களைப்பும் தொடங்கின. அருகிலிருந்த மருத்துவர் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் புரட்டிவிட்டு, "எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைன்னு மட்டும் போட்டிருக்கு, ஸ்லீவா, பைபாஸா? எவ்வளவு குடலை ஒதுக்கியிருக்காங்க?" என்று கேட்டார். ஸ்லீவ் என்பது இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுவது மட்டுமே; பைபாஸிலோ உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் கடந்துவிடுவதால் இரும்பும் கால்சியமும் சரிவர உறிஞ்சப்படாது. பி12 சத்தும் குறையும். ஆகவே அறுவை சிகிச்சைக் குறிப்பு தேவைப்பட்டது. ஆவணப் பிரிவு எழுத்தரோ தலை நிமிராமலே, "அதெல்லாம் பேஷன்ட்டுக்குக் குடுக்குற வழக்கம் இல்லைங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு மனு எழுதி, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிய பிறகு, வழக்கத்தில் இல்லாத அந்தக் காகிதம் எப்படியோ வந்து சேர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் பி12, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டுமே தரைமட்டம். ஊசி போடத் தொடங்கியபின் மதமதப்பு மெல்லக் குறைந்தது.

இச்சிகிச்சைக்குச் செல்வோர், அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் வாழ்நாள் முழுதும் எடுக்கவேண்டிய சத்து மாத்திரைகளின் பட்டியலையும் கையில் வாங்காமல் படியிறங்க வேண்டாம். மூட்டுவலிக்கு எந்த மருத்துவரிடம் போனாலும் பைபாஸ் செய்ததை முதலில் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும். வாந்தி விடாமல் தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம் என்பதால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

எனக்குத் திருப்தியா என்றால், ஆம். சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் நிறுத்திவிட்டார்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. வயிற்றில் தொங்கும் தோலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதும், அதை அகற்றுவது அழகுச் சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்ததும் இன்னும் உறுத்துகின்றன. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், அதன் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றை இப்போது ஆண்டுதோறும் நானே எழுதிக்கொடுத்துப் பரிசோதித்துக்கொள்கிறேன். நினைவூட்டும் அழைப்பு எதுவும் இதுவரை வந்ததில்லை.